பால்பவுடர் டப்பாவில் ஓர் அடுப்பு

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அதற்கு அடுத்த வாரம் எங்கள் கல்லூரி மாணவர்கள் சிலரும் நானும் ஒரு வேனில் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். அரிசி, போர்வை, மெழுகுவத்தி, கைக்குழந்தைகளுக்குப் பால்பவுடர் என்று எங்களால் முடிந்ததைக் கொண்டு சென்றிருந்தோம். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஒரு தாயிடம் பால்பவுடர் டப்பாவைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, "வெந்நீருக்கு என்ன சார் பண்றது?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. மின்சாரம் அறுந்துபோயிருந்தது. எரிவாயு உருளை இருந்த வீடுகளில் கூரை சரிந்து அதன் மேல் கிடந்தது. விறகுக்குப் பஞ்சமில்லை, ஊரெங்கும் தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஆனால் எல்லாம் பச்சை மரம், அதிலும் மழையில் ஊறியது. பள்ளி முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி வைத்து எங்கள் மாணவர் இருவர் முக்கால் மணி நேரம் மாறி மாறி ஊதினார்கள். கண் சிவந்ததுதான் மிச்சம். பாத்திரத்தில் விரலை விட்டால் சுடவில்லை. கடைசியில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் நனையாமல் இருந்த கொட்டாங்கச்சிகளைக் கொண்டுவந்த பிறகே நீர் கொதித்தது.

ஆண்டுதோறும் கரும்பலகையில் வெப்பவியல் எழுதுகிறவன் நான். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க வழி தெரியாமல் அன்று நின்றேன். நான் கையில் கொடுத்த டப்பாவிலேயே அடுப்பு இருக்கிறது என்பது ஊர் திரும்பிய பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. அதைச் செய்வது எப்படி என்று இங்கே சொல்கிறேன். ஆனால் செய்முறையைக் காட்டிலும் அது ஏன் எரிகிறது என்பதற்கே அதிக இடம் கொடுக்கப் போகிறேன். உங்களுக்குக் கிடைக்கும் டப்பாவின் அளவு வேறாக இருக்கலாம். காரணம் தெரிந்தால் அளவை நீங்களே மாற்றிக்கொள்வீர்கள்.

எரிவது எது?

முதலில் ஒரு சிறு சோதனை. மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி இரண்டு நிமிடம் எரிய விடுங்கள். பிறகு மெல்ல ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்மையான புகை இழையாக எழும். உடனே ஓர் எரியும் தீக்குச்சியை அந்தப் புகை இழையில், திரிக்கு இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் காட்டுங்கள். திரியைத் தொட வேண்டாம். சுடர் புகை வழியே கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். அப்படியானால் அந்தப் புகை என்ன? மெழுகின் ஆவி, அதாவது இன்னும் எரியாத எரிபொருள். 1860ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு மெழுகுவத்தியைப் பற்றி மட்டுமே ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். சுடரின் நடுவே ஒரு கண்ணாடிக் குழாயை நுழைத்து, உள்ளே இருக்கும் ஆவியை வெளியே கொண்டுவந்து, குழாயின் மறுமுனையில் அதைத் தனியே எரித்துக் காட்டினார்.

விறகும் இப்படித்தான். அதைச் சூடாக்கினால் முதலில் ஈரம் நீராவியாக வெளியேறுகிறது. வெப்பநிலை ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரம் சிதையத் தொடங்குகிறது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், தாராகப் படியக்கூடிய பலவகை ஆவிகள் எல்லாம் கிளம்புகின்றன. காய்ந்த விறகின் எடையில் சுமார் நான்கில் மூன்று பங்கு இப்படி வாயுவாகவும் ஆவியாகவும் போய்விடும். மிஞ்சுவது கரி. சுடர் விட்டு எரிவது விறகு அன்று; விறகிலிருந்து வந்த வாயு. இந்த வாயு எரிய வேண்டுமானால் அதற்குக் காற்று வேண்டும், போதிய சூடு வேண்டும், காற்றும் வாயுவும் நன்றாகக் கலக்கவும் வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் கூட வேண்டும். கூடாவிட்டால் வாயு எரியாமல் தப்பிவிடுகிறது. அதைத்தான் நாம் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். பாத்திரத்தின் அடியில் படியும் தாரும், பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் புகையும் நாம் பொறுக்கிவந்த விறகின் பகுதிகளே.

இனி ஈர விறகுக்கு வருவோம். 'ஈரத்தை ஆவியாக்கவே வெப்பமெல்லாம் செலவாகிவிடுகிறது' என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? 100 கிராம் பச்சை விறகில் 40 கிராம் நீர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 60 கிராம் மரம். உலர்ந்த மரம் ஒரு கிராமுக்குச் சுமார் 18 கிலோஜூல் வெப்பம் தரும். ஆக, 1,080 கிலோஜூல். 40 கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கி, உள்ளுறை வெப்பமும் கொடுத்து ஆவியாக்க, கிராமுக்கு 2.55 கிலோஜூல் வீதம் 102 கிலோஜூல் ஆகும். பத்தில் ஒரு பங்குகூட இல்லை! அப்படியிருக்க, அன்று பள்ளி முற்றத்தில் நாங்கள் ஏன் தோற்றோம்? நட்டம் அளவில் இல்லை, இடத்தில் இருக்கிறது. வாயு பற்றிக்கொள்ள வேண்டிய அதே இடத்தில், அதே நேரத்தில், நீராவியும் வந்து சேர்கிறது. அது வாயுவை நீர்க்கச் செய்து குளிர்விக்கிறது. வாயு தீப்பற்றும் வெப்பநிலையை எட்டுவதே இல்லை. ஆகவே 1,080 கிலோஜூலில் பெரும்பகுதி எரியாமலே ஊர்மேல் போய்விடுகிறது. மாணவர்கள் ஊதிய காற்றும் குளிர்ந்த காற்றுதான்; அது உதவியதைப் போலவே கெடுக்கவும் செய்தது.

வாயுவை ஓரிடத்தில் உண்டாக்கி, வேறோர் இடத்தில் சூடான காற்றைக் கொடுத்து எரித்தால் என்ன? இதுதான் நம் டப்பா அடுப்பின் கருத்து. விறகிலிருந்தும் கரியிலிருந்தும் வாயு எடுப்பது புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது நம் ஊர்ப் பேருந்துகள் பின்னால் ஒரு கரி உலையைச் சுமந்துகொண்டு அந்த வாயுவில் ஓடின. வயதான பெரியவர்கள் யாரேனும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதைச் சமையல் அடுப்பின் அளவுக்குச் சுருக்கும் வேலையில் அமெரிக்காவின் தாமஸ் ரீட் 1985ஆம் ஆண்டு முதல் ஈடுபட்டார். அவரை அறியாமலே நார்வே நாட்டு பால் வெண்டல்போவும் இதே வழியைக் கண்டார். 1990களில் உகாண்டா நாட்டு அகதிகள் முகாமில் தகரத்தால் இத்தகைய அடுப்புகளைச் செய்ய வைத்தார். இருவர் அடுப்பிலும் பொதுவான வினோதம் ஒன்று உண்டு. விறகை மேலே பற்ற வைக்க வேண்டும்!

அடுப்பைச் செய்வோம்

ஒரு கிலோ பால்பவுடர் டப்பா ஒன்று, 400 அல்லது 500 கிராம் டப்பா ஒன்று. பெரியதன் குறுக்களவு 13 சென்டிமீட்டர், சிறியதன் குறுக்களவு 10 சென்டிமீட்டர் என்று இருந்தால் இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் போதும். சிறிய டப்பா பெரியதைவிடக் குள்ளமாக இருக்க வேண்டும்.

பெரிய டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். இப்போது மூடிய அடிப்பாகம் மேலே இருக்கிறது. அதில் சிறிய டப்பாவின் உடல் இறுக்கமாக நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு திறப்பு வெட்ட வேண்டும். சிறிய டப்பாவின் வாய் விளிம்பு சற்றே தடித்து உருண்டிருக்கும் அல்லவா? அது திறப்பின் ஓரத்தில் தங்கிக்கொள்ள, டப்பா உள்ளே தொங்கும். ஆணியோ பற்றவைப்போ தேவையில்லை. வெட்டிய தகரம் கத்தியைவிடக் கூர்மையானது. தடித்த கையுறையோ கோணித் துணியோ இல்லாமல் தொடாதீர்கள். வெட்டும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். எனக்கு விழுந்த இரண்டு தையல்கள் இந்த வாக்கியத்தை எழுத வைக்கின்றன.

இனித் துளைகள். சிறிய டப்பாவின் அடியில் 5 மில்லிமீட்டர் அளவில் இருபது, இருபத்தைந்து துளைகள். அதன் வாய் விளிம்புக்கு 2 சென்டிமீட்டர் கீழே, சுற்றிலும் ஒரே வரிசையில் 6 மில்லிமீட்டர் அளவில் பதினாறு துளைகள். பெரிய டப்பாவின் தரையோரத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் பன்னிரண்டு துளைகள். டப்பாவுக்குள் ஈர மணலை இறுக்கி அடைத்துக்கொண்டு ஆணியால் அடித்தால் தகரம் நசுங்காது. கடைசியாக, பாத்திரம் அடுப்பின் வாயிலிருந்து 4 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க ஏதேனும் ஒரு தாங்கி. இன்னொரு டப்பாவின் இரு பக்கத்தையும் நீக்கி, வளையமாக நறுக்கி, பக்கவாட்டில் நிறையத் திறப்பு விட்டால் ஆயிற்று. அடுப்பின் இரு புறமும் இரண்டு செங்கல்லை நிறுத்தினாலும் சரியே.

எரிப்பது இப்படி: விரல் நீளத்தில், பென்சில் தடிமனில் சுள்ளிகளை ஒடித்துச் சிறிய டப்பாவில் நிரப்புங்கள். மேல்வரிசைத் துளைகளுக்கு 2 சென்டிமீட்டர் கீழேயே நிறுத்திவிடுங்கள். மேலே கொஞ்சம் தேங்காய் நார் அல்லது பன்னாடையைப் பரப்பிப் பற்ற வையுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் சாதாரண நெருப்புப் போலவே புகையும். பிறகு பாருங்கள்: மேல்வரிசைத் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் உள்நோக்கி ஒரு சிறு சுடர் நாக்கு நீளும். எரிவாயு அடுப்பின் பர்னரைப் போலிருக்கும். புகை அநேகமாக நின்றுவிடும். நெருப்பு மேலிருந்து கீழாக மெல்ல இறங்குகிறது. அடித்துளைகள் வழியே வரும் கொஞ்சக் காற்று விறகை முழுதும் எரிக்கப் போதாது. வாயுவாக்க மட்டுமே போதும். அந்த வாயு மேலே இருக்கும் சிவந்த கரியின் ஊடே ஏறி வருகிறது. பெரிய டப்பாவின் கீழ்த்துளைகளில் நுழைந்த மீதிக் காற்றோ, இரு டப்பாக்களுக்கும் நடுவே உள் சுவரைத் தடவிக்கொண்டே ஏறிச் சூடாகி, மேல்வரிசைத் துளைகளில் பாய்ந்து வாயுவோடு கலக்கிறது.

மரத்தூள் அடுப்பை நீங்கள் பார்த்திருக்கலாம். தகரத்தில் நடுவே ஒரு புட்டியை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து, புட்டியை உருவி எடுத்துப் பற்ற வைப்பார்கள். தேநீர்க் கடைகளில் மணிக்கணக்காக எரியும். காற்றைக் குறைத்து எரிபொருளை அடக்கி ஆளும் வித்தை அதிலும் உண்டு. ஆனால் மேல்காற்றுக்குத் தனிவழி கிடையாது.

இவ்வளவும் எனக்கு முதல் முயற்சியில் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முதலில் பழக்கதோஷத்தில் அடியில் பற்ற வைத்தேன். மேலிருந்த விறகெல்லாம் ஒரே சமயத்தில் வாயுவைக் கக்க, அத்தனை வாயுவுக்குக் காற்று போதாமல் ஒரு புகைபோக்கியே செய்தாகிவிட்டது. அடுத்த டப்பாவில் அடித்துளைகளைப் பெரிதாகப் போட்டேன். ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு எழுந்து, தகரம் சிவந்து, ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நீர் வெதுவெதுப்பானதோடு சரி. மூன்றாவதில் விறகை மேல்வரிசைத் துளைகளுக்கு மேல் வரை அடைத்துவிட்டேன். வாயுவும் காற்றும் கலக்க வெற்றிடமே இல்லை. நான்காவதுதான் எரிந்தது.

காற்றை யார் தள்ளுகிறார்கள்?

விசிறி இல்லை, ஊதுகுழல் இல்லை. காற்றை உள்ளே இழுப்பது அடர்த்தி வேறுபாடு மட்டுமே. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.16 கிலோகிராம், 600 டிகிரியில் அது 0.40 கிலோகிராம். 12 சென்டிமீட்டர் உயர டப்பாவுக்குள் சூடான வாயு நிற்கிறது, வெளியே குளிர்ந்த காற்று நிற்கிறது என்றால் அழுத்த வேறுபாடு 0.76 × 9.8 × 0.12, அதாவது ஏறக்குறைய 0.9 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கும் மேல் என்பதை நினைத்துப் பாருங்கள். பத்தில் ஒரு மில்லிமீட்டர் உயர நீர் கொடுக்கும் அழுத்தம்கூட இல்லை இது! இத்தனை மெல்லிய விசையால் ஓடும் அடுப்பில் சாம்பல் அடைத்த நாலு துளை, பக்கத்தில் வீசும் காற்று, மிக அருகே வைத்த பாத்திரம், எல்லாமே பெரிய விஷயங்கள். காற்று வீசும் பக்கம் ஒரு பலகையை நிறுத்தினால் என் அடுப்பில் சுடர் உடனே நேராகிறது.

இந்த அடுப்பின் இன்னொரு பலம் அதன் எடைக் குறைவு. இரண்டு டப்பாவும் சேர்ந்து கால் கிலோதான். இரும்பின் தன்வெப்பம் கிராமுக்கு 0.45 ஜூல். அடுப்பு முழுவதும் 400 டிகிரி ஏறினாலும் அது விழுங்குவது 45 கிலோஜூல். எட்டுக் கிலோ மண் அடுப்பு சராசரியாக 100 டிகிரி ஏறினாலே 700 கிலோஜூலுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 294 கிலோஜூல்தான் வேண்டும்! ஒரு குடும்பத்துக்கு நாள்தோறும் சோறும் குழம்பும் சமைக்க மண் அடுப்பே மேல். ஏறிய சூட்டை அது தக்க வைத்துக்கொள்ளும், பல ஆண்டு உழைக்கும். நம் தகரமோ சிவக்கச் சிவக்க ஆக்சைடாகி உதிர்ந்து, சில மாதங்களில் ஓட்டையாகிவிடும். ஆனால் ஒரு லிட்டர் வெந்நீர் மட்டும் அவசரமாக வேண்டிய இடத்தில் தகர அடுப்பை மண் அடுப்பு வெல்ல முடியாது.

என் அடுப்பில் ஒரு லிட்டர் நீர் கொதிக்க 85 கிராம் வெயிலில் காய்ந்த சுள்ளியும் 12 நிமிடமும் ஆகின்றன. காய்ந்த சுள்ளியிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால் கிராமுக்கு 16 கிலோஜூல் என்று கொண்டால், செலவு 1,360 கிலோஜூல், பயன் 294. திறன் நூற்றுக்கு 22. பெருமைப்படக்கூடியதன்று, ஆனால் சமையல் சுள்ளி 85 கிராம் என்பது இரண்டு கைப்பிடிதான். ஈர விறகு இந்த அடுப்பிலும் புகையத்தான் செய்யும், அதை மறைக்க விரும்பவில்லை. வேறுபாடு இதுதான்: புயல் நாளில் ஒரு கட்டு விறகை நனையாமல் காப்பது கடினம், இரண்டு கைப்பிடிச் சுள்ளியை ஒரு பிளாஸ்டிக் உறையில் கட்டி அடுப்புக்குள்ளேயே திணித்து வைக்கலாம். அதுவும் இல்லாதபோது, நனைந்த காய்ந்த மரத்தைப் பிளந்தால் உட்பகுதி பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். மேல்பட்டையைச் சீவிவிட்டு நடுத்தண்டை மெல்லிய சிம்புகளாக்கினால் போதும்.

சில எச்சரிக்கைகளை விட்டுவிட முடியாது. பூச்சிமருந்து டப்பாவையும் பெயின்ட் டப்பாவையும் தொடவே வேண்டாம். வாளி செய்யும் வெள்ளைத் தகரத்தில் துத்தநாகம் பூசியிருக்கும். அது சூட்டில் ஆவியாகி, சுவாசித்தவருக்குக் காய்ச்சல் கொண்டுவரும். பால்பவுடர் டப்பாவின் மேற்பூச்சு வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகும் என்பதால் முதல் நெருப்பிலேயே டப்பாவின் பளபளப்பு போய்விடும், அதனால் தீங்கில்லை. ஆனால் வெளியே அச்சிட்ட வண்ணமும் உள்ளே பூசிய மெழுகெண்ணெயும் கருகி நாறும். ஆகவே முதல் முறை பாத்திரம் வைக்காமல், திறந்த வெளியில், தள்ளி நின்று எரித்துவிடுங்கள். குளிர்பான டப்பா அலுமினியம். 660 டிகிரியில் உருகும், விறகு நெருப்புக்குத் தாங்காது. மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் எதையும் இதில் ஊற்றக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசிக் கட்டம். வாயு தீர்ந்ததும் சுடர் நாக்குகள் அடங்கி, கரி மட்டும் செக்கச் செவேலென்று கனலும். அதன்மேல் மெல்லிய நீலச் சுடர் விளையாடும். புகையே இல்லாமல் பார்க்க அழகாக இருக்கும், ஆபத்தும் அப்போதுதான். அந்த நீலச் சுடர் கார்பன் மோனாக்சைடு எரிவதால் வருவது. எரியாமல் தப்பும் பகுதிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் எளிதாக அதைப் பற்றிக்கொள்கிறது. மழைக்குப் பயந்து இந்த அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ, அடைத்த வகுப்பறைக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது. குளிருக்காகக் கனலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவதும் அப்படியே. நாலு பக்கமும் திறந்த தாழ்வாரம்தான் இதற்கு இடம். கூரை ஓலையாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

இப்போது எங்கள் துறையில் முதலாண்டு மாணவர்கள் ஒவ்வொரு பருவமும் இதைச் செய்து, எடை பார்த்து, நேரம் குறிக்கிறார்கள். சமையலறைத் தராசு, ஒரு வெப்பமானி, கைக்கடிகாரம் இருந்தால் நீங்களும் செய்யலாம். நீர் நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் விட்டு இறக்குவது எங்கள் வழக்கம். குடிநீருக்கு அதுவே பாதுகாப்பு. ஒரு சோதனையை மட்டும் தவறாமல் செய்யச் சொல்கிறேன். ஒரே அளவு சுள்ளியை இரு முறை எரியுங்கள். முதல் முறை வழக்கம்போல. இரண்டாம் முறை, அடுப்பு ஆறிக் குளிர்ந்த பிறகு, மேல்வரிசைத் துளைகள் பதினாறையும் களிமண்ணால் அடைத்துவிட்டு எரியுங்கள். அதே டப்பா, அதே விறகு. புகை திரண்டு எழும்போது, தள்ளி நின்று ஒரு நீண்ட குச்சியின் முனையில் தீ வைத்து அந்தப் புகையில் காட்டுங்கள். பிறகு இரண்டு முறையும் நீர் கொதிக்க ஆன நேரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.